அஸருக்கும் மஃரிபுக்கும் இடையில்

கால்களைச் சூடேற்றும்வரை பந்து கிடையாது என்று பையன்களிடம் சொன்னேன்.

"வாப்பா, பந்தத் தாங்க! பொழுதுபட்டு மஃரிபுக்குப் பாங்கு சொல்லிடுவாங்க" என்று மகன் கத்தினான்.

பதினான்கு வயதில் இதே கடற்கரை மைதானத்தில் நானும் இப்படித்தான் கத்தினேன். பின்னேரம் அஸர் தொழுதுவிட்டு வந்த காக்கா, என் கூடப்பிறந்த மூத்தவர், தனியாகக் குந்தி எழும்பிக்கொண்டிருந்தார்.

"என்ன காக்கா, மாப்பிள்ளை வெளிக்கிடுற மாதிரி வெளிக்கிடுறீங்க?" என்றேன்.

எல்லோரும் சிரித்தார்கள். அவர் பாதியில் விட்டுவிட்டு ஓடி வந்தார். முதல் திரும்பலிலேயே அவருடைய முழங்காலில் காய்ந்த தென்னைமட்டை முறிவதுபோல ஒரு சத்தம். நான் மடையன். காக்கா இன்றுவரை முழங்காலை மடக்க முடியாமல் கதிரையில் உட்கார்ந்துதான் தொழுகிறார்.

பந்தை அக்குளில் இறுக்கினேன். "அரைவாசி ஆட்டம் போனாலும் போகட்டும். குந்தி எழும்புங்கடா!"

அரைவாசி ஆட்டம் போனது. மகன் என்னோடு கதைக்காமலே மஃரிப் தொழப் பள்ளிக்கு வந்தான். சுஜூதில் முழங்கால்களை மடக்கிக் குனிந்தபோது அவன் நெற்றி தரையைத் தொட்டது.