கொழும்பு டொக்டர் போனில் பார்த்த கை

களுதாவளைச் செல்லாச்சியின் மூத்தவன் கதிர்காமத்தம்பியின் வலக்கை அரிசி ஆலை மெசின் பட்டியில் அகப்பட்டது. காயம் ஆறிப்போச்சென்று ஆலைக் கொம்பனி வைத்தியச் செலவை நிறுத்திய பிறகுதான் விரல்கள் மரத்தன. திரும்ப வைத்தியம் கிடைக்கக் கொம்பனியின் கொழும்பு டொக்டர் கையைப் பார்த்து எழுதவேணும். சண்டையால் பாதை பூட்டு. கடைசியில் போனிலேயே பார்க்கிறேன் என்றார் டொக்டர்.

பதியுதீனின் டெலிபோன் கடைக்கு மனைவி புஸ்பமும் கூடப் போனாள். தூரத்தில் ஷெல் விழ விழ லைன் இரைந்தது.

“கண்ணை மூடுங்க. மனிசி விரல்ல ஊசியால குத்தட்டும். குத்தினதும் சொல்லுங்க.”

அவன் காத்திருந்தான். லைன் அறுந்தால் இன்னொரு நாள் கிடைக்காது.

“குத்தன் புள்ள. ஊசியத் தேடுறியா?” என்று புஸ்பத்தை அவசரப்படுத்தினான்.

“மூணு தரம் குத்திட்டன்,” என்றாள் புஸ்பம். “ரத்தம் வருகுது.”

“எனக்கும் கேட்டது,” என்றார் டொக்டர். “வைத்தியத்தைத் திரும்பத் தொடங்கச் சொல்லி எழுதுறன்.”

கண்ணைத் திறக்க அவனுக்குப் பயமாயிருந்தது.