துணைக்கு ஆள் இருக்கும் ஊர்

காரைக்குடியில் ஒரு கல்லூரியில் நிலவியல் சொல்லிக்கொடுக்கிறேன். வெளிநாட்டில் மேல்படிப்புக்கு முயற்சி செய்யும் மாணவர்கள் பரிந்துரைக் கடிதத்துக்கு என்னிடம் வருவார்கள். சில வருடங்களில் ஒன்று பிடிபட்டது. படிப்பைப் பார்த்து யாரும் ஊரைத் தேர்ந்தெடுப்பதில்லை. போன வருட சீனியர் எங்கே இருக்கிறாரோ அங்கேதான் விண்ணப்பம் போகும். முதலில் கனடா என்றார்கள், பிறகு அயர்லாந்து, அப்புறம் இங்கிலாந்தில் ஒரே ஒரு ஊர். அங்கே ஒரே தெருவில் மூன்று வீடு பிடித்து எங்கள் பிள்ளைகள் இருந்தார்கள்.

கண்டரமாணிக்கத்திலிருந்து வந்த ஒரு மாணவி மட்டும் வேறு மாதிரி. விவசாயக் குடும்பம். தன் ஊர்க் கிணறுகளில் கயிறு விட்டு நீர்மட்டம் அளந்து அவள் எழுதிய ஆய்வறிக்கையை ஆசையாக இரண்டு முறை படித்திருக்கிறேன். நிலத்தடி நீர் பற்றிப் படிக்க பின்லாந்தில் உதவித்தொகையோடு அவளுக்கு இடம் கிடைத்தது.

அவள் அப்பா என்னைப் பார்க்கக் கல்லூரிக்கே வந்துவிட்டார். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

“அங்குட்டு நம்ம பிள்ளைக யாராச்சும் இருக்காகளா டீச்சர்?”

“யாரும் இல்லைங்க.”

“ஒண்ணுன்னா ஓடியார ஆள் வேணும்ல? நீங்க சொன்னீகன்னா அவ கேப்பா.”

நாளைக்கு ஏதாவது ஆனால் என்னைத்தானே கேட்பார்கள் என்று பயந்தேன். மறுநாள் அவளைக் கூப்பிட்டு, “நம்ம பிள்ளைங்க இருக்கிற ஊருக்கே போயேன்மா” என்றேன். என்னையே பார்த்தவள், “சரி மேடம்” என்றாள். அந்த இங்கிலாந்து ஊரில் நீர் பற்றிய படிப்பு இல்லை. வணிக மேலாண்மையில் சேர்ந்தாள்.

இரண்டு வருடம் கழித்து, தன் அக்காவின் கல்யாணப் பத்திரிகையோடு வந்தாள். படிப்பு முடிந்து அங்கேயே ஒரு கிடங்கில் பெட்டி அடுக்கும் வேலை.

“வீட்டுக்குள்ள எல்லாம் நம்ம பேச்சு, நம்ம சோறு. பயமே இல்ல மேடம். எதுக்குப் போனோம்னுதான் தெரியல.”

“நான்தான் உன்னைத் திருப்பிவிட்டுட்டேன்.”

“நீங்க சொன்னீகன்னு மட்டும் போகல மேடம். எனக்கும் பயந்தான். நீங்க பின்லாந்துக்கே போன்னு சொல்லுவீகன்னு நெனச்சேன்.”

அன்றே, அவளுக்கு இடம் கொடுத்திருந்த பின்லாந்துப் பேராசிரியருக்கு, இப்போது சேர்த்துக்கொள்வீர்களா என்று கேட்டு எழுதினேன். இடையில் படித்தது இந்தத் துறைக்குப் பொருந்தவில்லை, மன்னிக்கவும் என்று பதில் வந்தது. அதை அவளுக்கு அனுப்பி வைத்தேன். “பரவாயில்ல மேடம்” என்று மட்டும் எழுதியிருந்தாள்.

கல்யாணத்துக்குப் போனேன். பந்தியில் அவள் அப்பா என்னிடம் வந்து கையெடுத்துக் கும்பிட்டார். “அன்னைக்கு நீங்க சொல்லலைன்னா புள்ள தனியாக் கெடந்து தவிச்சிருக்கும் டீச்சர்” என்றார். நிஜமாகவே கண் கலங்கியிருந்தது அவருக்கு. தலையாட்டினேன். எதிர்வரிசையில் பரிமாறிக்கொண்டிருந்த அவள் அதைக் கேட்டாளா என்று நிமிர்ந்து பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

அடுத்த வாரம் அவள் விமானம் ஏறினாள், அதே வீட்டுக்கு.