தையல் மெசினில் மூச்சுவிடும் மீன்கள்

ஊசியில் நூல் இல்லை, மேசையில் துணி இல்லை. வில்லியம் மெசினை மிதித்துக்கொண்டே இருக்கிறார். பருத்தித்துறையில் அவருடைய வீட்டு முன்னறைதான் தையற்கடை. புதிதாக வருபவர்கள் மனிதருக்கு ஏதோ ஆகிவிட்டதென்று வாசலிலேயே நின்றுவிடுவார்கள். பழகியவர்கள் அவருடைய காலடியைப் பார்ப்பார்கள். மிதிபலகையோடு சைக்கிளுக்குக் காற்றடிக்கும் பம் ஒன்று கட்டப்பட்டிருக்கிறது. அதிலிருந்து புறப்படும் சேலைன் குழாய் யன்னலோரத்துக் கண்ணாடித் தொட்டிக்குள் இறங்குகிறது. வில்லியம் மிதித்தால் குமிழி வரும். குமிழி வந்தால் கப்பி மீன்கள் மூச்சுவிடும்.

யுத்தத்தோடு மின்சாரம் யாழ்ப்பாணக் குடாநாட்டை விட்டுப் போனதும் ஊரிலிருந்த மீன்தொட்டிகள் தேத்தண்ணிக் கடைகளில் வாய்ப்பன் அடுக்கும் பெட்டிகளாக உத்தியோக உயர்வு பெற்றன. வில்லியத்தின் தொட்டி மட்டும் தொட்டியாகவே கிடக்கிறது. தைக்கும்போது பிரச்சினை இல்லை. கத்தரிக்கோலை எடுக்க எழுந்தால் மீன்கள் மேலே வந்து வாயைப் பிளக்கும். ஆகவே வெட்டுவது குறைந்தது. வாடிக்கையாளர்களின் துணிகள் கடைமடிப்புக் கலையாமல் இளமையோடு இருந்தன.

பெரிய இழப்பு மெதடிஸ்த ஆலயத்துக்கு. பாடகர் குழாத்தில் அடிக்குரல் பிடிப்பவர் அவர் ஒருவர்தான். அந்த இடம் மாதக்கணக்காக வெறுமை.

“ஓய்வுநாளிலையும் மிதிக்கிறியள். ஆண்டவர் கேட்டா என்ன சொல்லப்போறியள்?” என்பார் மனைவி தேவகுமாரி.

“மீனைப் படைச்சவருக்கு விளங்குமப்பா.”

“எனக்கு விளங்கேல்லையே. நத்தாருக்கும் உந்தப் பலகையிலைதான் நிப்பியளெண்டா, தொட்டியைக் கிணத்துக்குள்ளை கவிழ்ப்பன்.”

சொன்னதைச் செய்கிற பெண்மணி. வில்லியத்தின் கால் வேகம் பிடித்தது.

குற்றம் செடிகளுடையது. தொட்டிக்குள் நாடா போல நீண்ட நீர்ச்செடிகள் நிற்கின்றன. வெளிச்சத்தில் மீனுக்கு மூச்சுக் கொடுக்கவேண்டியவை அவைதான். அவையோ உரமில்லாப் பசியில் மஞ்சளாகி அழுகி, இருந்த மூச்சையும் தின்றன.

உடுப்பிட்டி வெங்காயக் கமக்காரன் கனகலிங்கம் கலியாணக் காற்சட்டைக்கு நடந்து நடந்து களைத்தவன். “கடலைப் பக்கத்திலை வைச்சுக்கொண்டு மீனுக்குக் கால் பிடிக்கிற ஆளை இஞ்சைதான் அண்ணை கண்டனான்,” என்றான். “ஒரு பிடி யூரியா தாறன், போடுங்கோ. செடி திமிறிக்கொண்டு வரும்.”

வெடிமருந்தாகுமென்று யூரியா தடைசெய்யப்பட்ட காலம். ஒரு பிடி என்பது ஒரு சீதனம்.

“தம்பி, உம்மடை வெங்காயம் காத்திலை மூச்சுவிடுது. இதுகள் கழிக்கிற தண்ணியிலையேதான் மூச்சுவிடுதுகள். யூரியா தண்ணிக்குள்ளை அமோனியாவாகும். எங்கடை சுண்ணாம்புத் தண்ணியிலை அது இன்னும் பொல்லாதது. செவுள் வெந்துபோம். பிறகு நீர் மீன் சொதி வைக்கத் தேங்காயோடை வாரும்.”

வில்லியத்தின் கண் வேறோரிடத்தில் இருந்தது. தேவகுமாரியின் அலுமாரியில், அந்தூரியப் பூஞ்சாடிகளுக்கு உரமாக லண்டன் மச்சாள் முன்னொரு காலம் அனுப்பிய பசளைப் போத்தல். லேபிளை அவர் வேதம்போல வாசித்தார். நைத்திரேற்று நிறைய, யூரியா இல்லை, மீனைக் கொல்லும் செம்பும் இல்லை.

“அந்தூரியத்தின்ரை சாப்பாட்டை மீனுக்கோ?” என்றார் தேவகுமாரி.

“ஒரு துளி தாரும். கோயிலுக்கு வாறன்.”

பேரம் படிந்தது.

வாளித் தண்ணீருக்கு ஒரு மூடி என்றது லேபிள். வில்லியம் மூடியைத் தூர வைத்துவிட்டுக் கண்மருந்துக் குழாயை எடுத்தார். முதலில் ஜாம் போத்தலில் ஒரு செடி, பிறகு அதற்குள் இரண்டு மீன். “வெட்டின துணியை ஒட்டேலாது, விட்ட மருந்தை எடுக்கேலாது,” என்பது அவருடைய வாதம். போத்தல் மீன்கள் வாலாட்டிக்கொண்டு திரிந்த பிறகே தொட்டிக்கு ஒரு துளி. கிழமை முடிய கொஞ்சத் தண்ணீரை மாற்றிவிட்டு இன்னும் ஒன்று. ஒருமுறை ஆசை மீறிக் கை தாராளமானது. கண்ணாடி முழுக்கப் பச்சைப் பாசி. பாதித் தண்ணீரை இறைத்து, ஒரு கிழமை பசளையைப் பட்டினி போட்டார். இரவில் செடியும் அதே தண்ணீரில்தான் மூச்சு வாங்குமென்பதால், மீன் கூட்டத்தில் பாதியைக் கேட்டவர்களுக்குக் கொடுத்தார்.

மார்கழியில் புது இலைகள் கண்ணாடியை முட்டின. காற்சட்டைக்காக மறுபடி வந்த கனகலிங்கம் தொட்டியைப் பார்த்தான். மேசைக்குக் கீழே குனிந்தும் பார்த்தான். மிதிபலகை அசையவில்லை. இலைகளிலிருந்து சின்னச்சின்னக் குமிழிகள் நூல் கோத்தாற்போல ஏறிக்கொண்டிருந்தன.

“ஆர் அண்ணை மிதிக்கிறது?”

“செடி மிதிக்குது,” என்றார் வில்லியம், கத்தரிக்கோலால் கனகலிங்கத்தின் துணியை வெட்டியபடி.

நத்தார்க் காலை, கிறிஸ்து பிறப்பு ஆராதனைக்கு மணி அடித்தது. வெள்ளைச் சேலையும் கீதப் புத்தகமுமாகத் தேவகுமாரி வாசலில் நின்றார். வில்லியம் சப்பாத்து மாட்டிக்கொண்டு தொட்டிக்கு முன்னால் ஒரு கணம் நின்றார். மீன்கள் அடியில் மணலைக் கொத்திக்கொண்டிருந்தன. ஒன்றுகூட மேலே வரவில்லை. வெளியே வந்து கதவைப் பூட்டினார். பூட்டிலிருந்து எடுத்த திறப்பைத் தன் சட்டைப்பைக்குள் போடாமல் தேவகுமாரியின் உள்ளங்கையில் வைத்து, அவர் விரல்களை ஒவ்வொன்றாக மடித்துவிட்டார்.