அக்கா ஓடவிட்ட பாட்டு

வாஷிங் மெஷின் பழுது பார்க்கும் கடைக்கு மேலே ஒற்றை அறை. அதுதான் எல்லோரும் அக்கா என்று கூப்பிடுகிறவளின் இசை லேபிள், பாட்டு வெளியிடும் கம்பெனி. கம்ப்யூட்டரிலும் சிந்தசைசரிலும் பிறக்கிற இசை மட்டும்தான் அங்கே வெளியாகும். அக்காவுக்கு ஒரு ஸ்வரம்கூட வாசிக்க வராது. சோப்பு கம்பெனியில் விளம்பரம் பார்த்துக்கொண்டிருந்தவள், சோப்பை விற்க ஆயிரம் பேர் இருக்கிறார்கள், இந்தப் பிள்ளைகளின் பாட்டைக் கொண்டுபோய்ச் சேர்க்க யார் இருக்கிறார்கள் என்று வேலையை உதறிவிட்டு வந்துவிட்டாள்.

அவள் சொத்தெல்லாம் அந்தக் கம்ப்யூட்டரில் இருக்கும் கருவிகள்தான். பாட்டு வெளிவரும் முன்பே ரசிகர்களைச் சேர்த்து வைக்க ஒன்று, டி.ஜே.க்களுக்கு அனுப்பி அபிப்பிராயம் கேட்க ஒன்று, எந்த ஊரில் யார் கேட்கிறார்கள் என்று காட்ட இன்னொன்று. லேபிளில் சேருகிற யாரும் தாராளமாகப் பயன்படுத்தலாம். ஆனால் அதற்கு முன் அக்காவின் உபதேசத்தைக் கேட்டாக வேண்டும்: கள்ளக்கணக்கு கூடாது. காது கொடுக்க ஆளில்லாமல் போனில் பாட்டை ஓடவிட்டு எண்ணிக்கையை ஏற்றினால், இணையத்தில் பாட்டை ஓடவிடும் பாட்டுத் தளம் மோப்பம் பிடித்துப் பாட்டையே தூக்கிவிடும். இதைச் சொல்லும்போது அவள் விரலை ஆட்டுகிற ஆட்டில், எதிரே இருப்பவன் திருடாமலே திருடன் மாதிரி முழிப்பான்.

கீழ்க்கடை மெக்கானிக்கும் அவள் லேபிளில்தான் இருந்தான். பகலெல்லாம் மெஷின் மோட்டாரைக் கழற்றுவான். கடையை மூடியதும் சிந்தசைசர். அவன் கடைசியாகப் போட்ட பாட்டு நிதானமானது, நீளமானது, ஆடுவதற்குத் தோதில்லாதது. இதுவரை ஒருவரும் சீந்தவில்லை.

"இதையும் யாரும் கேக்கலன்னா சிந்தசைசரை வித்துடறேன்க்கா. வீட்ல எடத்த அடைக்குது" என்றான். கோபமாகச் சொல்லியிருந்தால்கூடப் பரவாயில்லை. ஏதோ பழைய கட்டிலைப் பற்றிப் பேசுவதுபோலச் சொன்னான். லேபிளில் வந்த பாட்டுகளிலேயே அக்காவுக்கு உயிரானது அதுதான்.

அன்றைக்கு வீட்டுக்குப் போனவள் தன் போனில் அந்தப் பாட்டை விடாமல் ஓடவிட்டாள். பிறகு கணவனின் போனில். பிறகு மாமியாரின் போனில். பிரியத்தில் செய்வது கள்ளக்கணக்கில் சேராது என்று தனக்குத்தானே நியாயம் சொல்லிக்கொண்டாள். வேறு யாராவது இப்படிச் சொல்லியிருந்தால் உண்டு இல்லை என்று ஆக்கியிருப்பாள்.

சில நாளில் மெக்கானிக் கையில் கிரீஸோடு மாடிப்படி ஏறி ஓடி வந்தான். இந்த ஊரிலேயே யாரோ தன் பாட்டை விடியற்காலையில்கூடக் கேட்கிறார்களாம். புதுப் பாட்டு ஒன்று தொடங்கிவிட்டானாம். அவன் முகத்தைப் பார்த்தபின் போன்களை நிறுத்த அக்காவுக்கு மனசு வரவில்லை.

பாட்டுத் தளத்துக்குப் பிரியமும் தெரியாது, பாசமும் தெரியாது. மெஷின்தான் கேட்கிறது என்று முடிவு கட்டிப் பாட்டைத் தூக்கிவிட்டது.

மெக்கானிக் வெளிறிப்போய் வந்து நின்றான். "சத்தியமா நான் எதுவும் பண்ணலக்கா. நீங்க சொல்லியும் அப்படிப் பண்ணுவேனா?"

தளத்தில் ஏதோ கோளாறு என்று சொல்லிச் சமாளித்திருக்கலாம். நாக்கு நுனிவரை வந்தும்விட்டது. ஆனால் செய்யாத தப்புக்கு அவன் சத்தியம் செய்வதைப் பார்க்க அவளுக்குத் தாங்கவில்லை. மூன்று போன் விவகாரத்தையும் போட்டு உடைத்தாள்.

அவன் ஸ்டூலில் உட்கார்ந்தான். "அப்ப நிஜமா யாருமே கேக்கல."

"நான் கேட்டேன்ப்பா."

"நீங்க ஓடவிட்டீங்க."

அக்காவுக்குச் சுருக்கென்றது. இருந்தாலும் சொன்னாள். காலையில் மகளுக்குத் தலை பின்னும்போது மட்டும் சத்தத்தைக் கூட்டி வைப்பாளாம். பாட்டின் நடுவே எல்லாம் அடங்கி, ஒரே ஒரு ஸ்வரம் மட்டும் தயங்கித் தயங்கித் திரும்பி வரும் இடத்தில் சீப்பு கையிலேயே நின்றுவிடுமாம். பள்ளிக்கு நேரமாகிறது என்று மகள் திட்டுவாளாம்.

மெக்கானிக் நிமிர்ந்து பார்த்தான். "அந்த எடத்துலயா?"

"தெனமும் அந்த எடத்துலதான்."

அவன் எழுந்து இறங்கிப் போனான். அவ்வளவுதான், சிந்தசைசர் போய்விட்டது என்று அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். போனவன் ஹெட்போனோடு திரும்பி வந்தான். புதுப் பாட்டு பாதிதான் முடிந்திருந்தது.

"இத எங்கயும் ஏத்தாதீங்க, யாருக்கும் அனுப்பாதீங்க. ஒக்காந்து கேளுங்கக்கா."

அக்கா கம்ப்யூட்டரை அணைத்துவிட்டு உட்கார்ந்தாள்.