கடலை வேண்டாம், தாளைத் தாங்க

இங்கே இலங்கையில் பெட்ரோலுக்கு வண்டிகளை வரிசையில் போட்டுவிட்டு ஜனங்கள் ரோட்டிலேயே படுத்துக் கிடந்தார்களே, அதற்கு அடுத்த மழைக்காலத்தில் நடந்தது இது. எனக்கு எழுத்துத் தெரியாது. நான் சொல்ல மகள் எழுதுகிறாள். விளாத்திகுளத்துச் சொந்தங்களே, உங்களுக்கும், என்னைப் போலக் கப்பலேறி வந்து இங்கேயே தங்கிவிட்டவர்களுக்கும்தான் சொல்கிறேன்.

நம் ஊரில் சுண்டலைத் தின்றால் தாளைக் கசக்கி எறிவோம். கண்டி குட்ஷெட் பஸ் ஸ்டாண்டில் அப்படியில்லை. பஸ் புறப்படும்வரை கடலையைத் தின்று, பிறகு சுருளைப் பிரித்து, எண்ணெய்க் கறையோடு கடைசி வரிவரை வாசிப்பார்கள். மாமாவின் கடையில் நின்ற முதல் நாள் அதைப் பார்த்துச் சிரித்தேன். "பேப்பர் வாங்காதவனுக்கு நம்ம கடலைதான்டா பேப்பர்" என்றார். அவரும் போய், ராமேஸ்வரக் கப்பலும் நின்று, நான் தள்ளுவண்டியோடு மிஞ்சினேன்.

அன்று பழைய பேப்பர் கடையில் மடிப்புக் கலையாத கட்டு ஒன்று கிடைத்தது. மை வாசம்கூடப் போகவில்லை. கிழித்துச் சுருட்டி விற்றேன். குண்டசாலை பஸ்ஸிலிருந்து ஒருவர் இறங்கி ஓடிவந்தார்.

"பெரியவர், இது பாதியில நிக்குது. மிச்சத் துண்டு எங்க?"

"கடலை போதலையா?"

"கடலை வேண்டாம், தாளைத் தாங்க!"

பின்னாலேயே நாலைந்து கைகள் நீண்டன. கண்டக்டர் படியில் நின்று உரக்க வாசித்தான். கடுகண்ணாவைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில், இந்தியக் காசில் கட்டிய தண்ணீர்த் தாங்கியை, நம் ஊர்ப் பேச்சில் டேங்கை, திறக்க அங்கிருந்து ஒரு பெரிய மனிதர் வந்திருக்கிறார். குழாயில் தண்ணீர் கொட்ட, எல்லோரும் கைதட்டியிருக்கிறார்கள். தாங்கிக்குப் பின்னால் தண்ணீர் ஏற்றிய பவுசர் வண்டி ஒளிந்து நின்றதாம். வண்டி போனதும் குழாய் வறண்டுவிட்டது. எழுதியவள் தர்ஷினி, அதே தோட்டத்துப் பிள்ளை. இரண்டு நாட்டு உறவு கெடும் என்று மேலிருந்து யாரோ போன் பண்ண, பத்திரிகை முதலாளி அச்சானதையெல்லாம் எடைக்குப் போட்டுவிட்டார் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

மத்தியானம் இருவர் வந்தார்கள். யார் அனுப்பியது என்று சொல்லவில்லை.

"நீ இந்தியா ஆள்தானே? இந்தியாவுக்கு விரோதமா பேப்பர் விக்கிறது?"

"நான் இந்த ஊர் ஆள், சேர்."

"அப்ப லங்காவுக்கு விரோதம்!"

"கடலைதான் சேர் விக்கிறேன்."

"வாய மூடு, கள்ளத்தோணி!"

டிக்கெட் எடுத்துக் கப்பலில் வந்தவன் நான். மிச்சப் பேப்பர்க் கட்டைத் தூக்கிக்கொண்டு, கடலையைச் சாக்கடையில் கொட்டிவிட்டுப் போனார்கள். ஊருக்குப் போன் போட்டால் தம்பி முறைக்காரன் அதற்கு மேல். "நம்ம நாட்ட அசிங்கப்படுத்துற பேப்பரையா வித்த? நீ சிலோன்காரனாவே ஆயிட்டண்ணே" என்று வைத்துவிட்டான். குடத்தோடு நிற்கிறவர்களுக்குத் தண்ணீர் வந்ததா என்று இரண்டு பக்கத்திலும் ஒருவனும் கேட்கவில்லை.

மறுநாள் தர்ஷினி வந்தாள். படமெடுத்த போனைப் பிடுங்கிக்கொண்டார்களாம். அப்படியொன்று அச்சாகவே இல்லை, பொய்க்காரி என்று சொல்லி முதலாளி வேலையை விட்டும் நிறுத்திவிட்டார்.

"ஒரு தாள்கூட இல்லையா தாத்தா? நான் எழுதினேன்னு காட்டணும்."

வண்டியைக் கவிழ்த்துத் தேடினேன். கடலைத் தோல்தான் கிடைத்தது.

தலைப்பு ஒருவர் வீட்டிலும் முடிவு இன்னொருவர் பையிலும் கிடக்கலாம். அன்று இரண்டு சுருள் வாங்கிய ஒரு குடும்பம் திருச்சிக்கு விமானம் ஏறப் போவதாகச் சொன்னது. ஒரு பாதி அங்கேயும் போயிருக்கும். எண்ணெய் பட்டிருந்தாலும் சரி, கிழிந்திருந்தாலும் சரி, என் வண்டிக்குக் கொண்டு வாருங்கள். உங்களிடம் இல்லையென்றால், அன்று என்னிடம் கடலை வாங்கித் தின்ற யாரையாவது கண்டால், அக்கரையோ இக்கரையோ, இதைச் சொல்லிவிடுங்கள்.