பலகாரம் மணத்த பஸ்

எண்பதுகளில், டீசலுக்குப் பதிலாகச் செம்பனை எண்ணெயில், அதாவது பாமாயிலில், பஸ் ஓட்டிச் சோதித்துப் பார்க்கப்போகிறார்கள் என்று எங்கள் ஊர் கிள்ளானில் பேச்சு வந்தது. அந்த பஸ்ஸை ஓட்டும் வேலை என் வீட்டுக்காரருக்குக் கிடைத்தது. மனிதருக்குத் தலைகால் புரியவில்லை. இத்தனை வருஷக் குடித்தனத்தில் எனக்கு ஒரு முழம் பூ வாங்கித் தராதவர், பஸ்ஸுக்கு மாலை போட்டு, டயருக்கடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கினார்.

அதன் புகையே வேறு. சாதா டீசல் கண்ணைக் கரிக்கும்; இதுவோ வாழைப்பழத்தை மாவில் தோய்த்து பீசாங் கோரேங் பொரிக்கிற கடைப் பக்கம் நிற்பதுபோல மணக்கும். கரியும் குறைவுதான், பொய் சொல்லக்கூடாது. பஸ் ஸ்டாண்டில் ஆட்கள் மூக்கைப் பொத்துவதை விட்டுவிட்டு, பசிக்கிறது என்று கேலி பேசினார்கள்.

எங்கள் மகளுக்கு இழுப்பு. மழை வந்தாலும் இழுக்கும், தூசி பட்டாலும் இழுக்கும். டீசல் பஸ்ஸில் ஏறினால் ஜன்னலைச் சாத்தி, முந்தானையால் அவள் மூக்கை மூடியபடிதான் உட்காருவேன். இந்த இழுப்பு நிற்கவேண்டும் என்று பத்துமலை முருகனுக்குப் பால்குடம் நேர்ந்துகொண்டு, அந்தத் தைப்பூசத்துக்கு அவருடைய பஸ்ஸிலேயே கிளம்பினோம்.

பிள்ளையைக் குளிப்பாட்டினால் சாம்பிராணி போடாமல் விடுவோமா? சளி பிடித்தால் ஓமத்தைப் போட்டுப் புகை காட்டுகிற ஜனங்கள் நாம். வாசமான புகை நெஞ்சுக்கு நல்லது என்பது எனக்கு ரத்தத்திலேயே ஊறியிருந்தது. முன்னால் இடமிருந்தும் மகளைப் புகைக்குழாய்க்குப் பக்கமாகக் கடைசி வரிசைக்குக் கூட்டிப்போய், ஜன்னலை முழுசாகத் திறந்துவிட்டேன். பக்கத்தில் இருந்த அக்கா ஒருவர்கூட, நன்றாக மூச்சை உள்ளே இழு, சளியெல்லாம் கரைந்துவிடும் என்று அவளுக்குச் சொல்லிக்கொடுத்தார்.

பத்துமலையை நெருங்கி, செலாயாங் பக்கம் வந்ததும் வண்டிகள் நகரவில்லை. எஞ்சின் உறுமிக்கொண்டே இருந்தது. புகை ஜன்னல் வழியே உள்ளே வந்தது. கொஞ்ச நேரத்தில் மகளின் நெஞ்சில் விசில் சத்தம் கேட்டது. உதடு நீலம் பாரித்துவிட்டது.

"ஏங்க, பிள்ளைக்கு இழுக்குதுங்க."

அவர் எஞ்சினை நிறுத்தினார். பின்னால் ஹார்ன் காதைப் பிளந்தது. பஸ்ஸுக்குள் வேர்த்துப்போனவர்கள் முணுமுணுத்தார்கள். எதையும் அவர் காதில் வாங்கவில்லை. மகளைத் தூக்கிக்கொண்டு வண்டிகளுக்கு நடுவே புகுந்து, ஒரு மரத்தடியில் உட்காரவைத்து, என் பையிலிருந்த மருந்தை உறிஞ்சவைத்தார். அவள் மூச்சு சீராகும்வரை முதுகைத் தடவிக்கொண்டே இருந்தார்.

அன்றிலிருந்து வண்டி நின்றால் எஞ்சினும் நிற்கும். சில நேரம் அது திரும்பக் கிளம்பாமல் அடம்பிடிக்கும். வேட்டி கட்டிய பெரியவர்களெல்லாம் இறங்கித் தள்ளியிருக்கிறார்கள். மற்ற டிரைவர்கள் அவருக்குக் கிறுக்கு பிடித்துவிட்டது என்றார்கள். எனக்கானால் பெருமை தாங்கவில்லை.

பிறகு ஒருநாள் சோதனையைக் கவனிக்கும் அதிகாரி பஸ் ஸ்டாண்டுக்கு வந்து பயணிகளிடம் கருத்துக் கேட்டார். எல்லோரும் வாசத்தைத்தான் புகழ்ந்தார்கள். நான் சோறு கொண்டுபோயிருந்தேன். என் வீட்டுக்காரரின் முறை வந்தது.

"கரி கொறஞ்சிருக்கு சார், இல்லேன்னு சொல்லல. ஆனா இதுவும் பொகதான். நாத்தம் அடிச்சா விலகி நிக்கிறோம். இது மணக்குதுன்னு என் பிள்ளய பக்கத்துல கொண்டுபோயி உக்கார வச்சோம்."

அப்படியானால் உங்களைப் பழைய டீசல் பஸ்ஸுக்கே மாற்றிவிடட்டுமா என்று அதிகாரி கேட்டார். அந்த பஸ் என்றால் அவருக்கு உயிர்.

அவர் தன் பஸ்ஸைத் திரும்பிப் பார்த்தார். பஸ்ஸுக்குப் பின்னால் பள்ளிக்கூடப் பிள்ளைகள் மோப்பம் பிடித்துச் சிரித்துக்கொண்டு நின்றார்கள்.

"நான் போயிட்டா, எஞ்சின யாரு சார் நிறுத்துவா?"