ராஜா கொடுத்த யாப்பும் எங்கள் புதன்கிழமைச் சங்கமும்

சிட்னியின் பிளாக்டவுனில் புதன்கிழமைதோறும் கூடும் எங்கள் தமிழ் மூத்தோர் சங்கத்தில், மாதம் ஒருவர் தான் வாழ்ந்த நாட்டைப் பற்றிப் பேச வேண்டும் என்று ஒரு வழக்கம். சாம்பியாவில் கணக்குப் படிப்பித்தவர் பேசியிருக்கிறார். ஓமானில் பாலம் கட்டியவரும் பேசியிருக்கிறார். என் முறை வந்தபோது, என்னைக் கேளாமலே ஜெர்மனி என்று எழுதிக்கொண்டார்கள். யாழ்ப்பாணத்திலிருந்து அகதியாகப் போய், ஸ்டுட்கார்ட்டில் பாதி வாழ்க்கையைக் கழித்துவிட்டு, பிள்ளைகள் இருவரும் ஆஸ்திரேலியாவில் குடியேறிய பிறகு ஹோம்புஷுக்கு வந்து சேர்ந்தவர்கள் நானும் கணவரும்.

"கார் செய்யிற கொம்பனியளைப் பற்றிக் கதையும். ஆம்பிளையள் நித்திரை கொள்ளாமல் கேப்பினம்" என்றார் கணவர்.

"நான் லாண்ட்டாக்கைப் பற்றித்தான் கதைக்கப்போறன்."

"உம்மடை விருப்பம். நான் கடைசி வரிசையிலை இருக்கிறன்."

லாண்ட்டாக் என்றால் அங்கே மாநிலச் சட்டசபை. எனக்கும் அதற்கும் உள்ள உறவு குடியுரிமைப் பரீட்சையில் தொடங்கியது. பரீட்சையில் நாம் வாழும் மாநிலத்தைப் பற்றியும் சில கேள்விகள் வரும். பாடமாக்கினேன், எழுதினேன், பாஸ் பண்ணினேன். அடுத்த மாநிலத் தேர்தலில் போய் வாக்கும் போட்டேன். என் வாக்கை யாரோ ஒருவர் ஒழுங்காக எண்ணுவார் என்று நான் நம்பிய முதல் தேர்தல் அது. அந்தச் சந்தோஷத்தில் மாலை வகுப்பொன்றில் சேர்ந்து, இரண்டு குளிர்காலம் அந்தச் சபையின் சரித்திரம் படித்தேன். வகுப்போடு சபைக்கும் போனோம். பூங்காவின் ஓரத்தில் சதுரமாக ஒரு கண்ணாடிக் கட்டடம். உள்ளே வரியைப் பற்றிக் காரசாரமாக வாக்குவாதம். வெளிக்கூடத்துக் கண்ணாடிக்கு அப்பால் ஒரு பெண் தன் நாயோடு ஆறுதலாக நடந்து போய்க்கொண்டிருந்தாள்.

என் பேச்சுக்கு முந்திய கிழமை நாங்கள் மெல்பேர்னில் மகன் வீட்டில் நின்றோம். அந்தக் கிழமை சங்கத்தில் நடந்தது எனக்குத் தெரியாது. எங்கள் செயலாளர் கோயம்புத்தூர்க்காரர், ஓய்வுபெற்ற பொறியியலாளர். மண்டபத்தை ஒழுங்கு செய்வது, கதிரை அடுக்குவது, தேத்தண்ணிக்குக் கொதிநீர் வைப்பது எல்லாம் அவர்தான். அவர் தனியாக உட்கார்ந்து சங்கத்தின் விதிகளெல்லாம் அடங்கிய புதிய யாப்பொன்றை எழுதி, அச்சடித்து எல்லோர் கையிலும் கொடுத்து, "படிச்சுப் பாருங்க, மாசக் கடைசியில ஓட்டெடுத்து முடிச்சுடலாம்" என்று சொல்லியிருக்கிறார். ஒருவரையும் கேளாமல் எழுதிவிட்டாரே என்று ஆளாளுக்கு முணுமுணுத்திருக்கிறார்கள். முகத்துக்கு நேரே ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை. இவ்வளவு பாடுபடும் மனிதரிடம் எப்படிச் சொல்வது?

இது ஒன்றும் அறியாமல் நான் எழுந்து பேசத் தொடங்கினேன்.

ஸ்டுட்கார்ட் அந்தக் காலத்தில் வூர்ட்டம்பேர்க் என்ற நாட்டின் தலைநகர். அந்த நாட்டின் பிரபுவோடு பட்டணத்துப் பெரியவர்களும் மதகுருமாரும் ஐந்நூறு வருடங்களுக்கு முன்பே ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டார்கள். சபையைக் கேட்காமல் புது வரி இல்லை. விரும்பியவர்கள் நாட்டை விட்டுப் போகலாம். இதைச் சொன்னதும் மண்டபத்தில் ஒரு சலசலப்பு. நாட்டை விட்டுப் போவதை ஓர் உரிமையாக எழுதிவைத்தார்கள் என்பது, அங்கே இருந்த அநேகருக்கு வேறு மாதிரிக் கேட்டிருக்க வேண்டும்.

முந்நூறு வருடம் கழித்து அந்த வழியில் வந்த ஒரு பிரபு தன்னை ராஜாவாக்கிக்கொண்டு அந்தச் சபையையே தூக்கி எறிந்தார். நல்ல பருத்த மனிதர். சில வருடங்களில் காலம் மாறியது. ராஜாவும் மாறத்தான் வேண்டியிருந்தது. அவரே ஒரு யாப்பை எழுதுவித்து, புதிய சபையைக் கூட்டி, அதை வாசிக்கச் செய்து, "இந்தாருங்கள்" என்று கொடுத்தார்.

"சபை என்ன செய்தது தெரியுமோ? வேண்டாம் எண்டு சொல்லிப்போட்டுது" என்றேன். "அதிலை நல்ல விசயங்களும் இருந்தது. ஆனால் அவையள் சொன்னது இதுதான்: யாப்பு எண்டது ஒருத்தர் குடுத்து மற்றவை வாங்கிற சாமான் இல்லை. ரெண்டு பகுதியும் இருந்து கதைச்சு எழுத வேணும்."

முன்வரிசையில் ஒருவர் இருமினார். அந்த இருமல் சிரிப்பாக மாறியது. அடுத்தவரும் சிரித்தார். சிறிது நேரத்தில் மண்டபமே சிரித்தது. எல்லோரும் ஒரே பக்கம் திரும்பிப் பார்த்தார்கள். அங்கே செயலாளர் கையில் யாப்புக் கட்டோடு நின்றார்.

தாதியாக வேலை செய்து ஓய்வுபெற்ற ஓர் அன்ரி எழுந்தார். எங்களுக்கே அவர் அன்ரி என்றால் வயதைப் பார்த்துக்கொள்ளுங்கள். "பிள்ளை, அந்தச் சபையிலை பொம்பிளையள் இருந்தவையோ?" என்று கேட்டார்.

"இல்லை அன்ரி. அதுக்கு இன்னும் நூறு வருசம் போச்சுது."

"உந்த யாப்பிலையும் எங்களைப் பற்றி ஒண்டும் இல்லை. சமையல் குழு எண்டு மட்டும் கிடக்கு."

இம்முறை சிரிப்பு இன்னும் பலமாக எழுந்தது. செயலாளர் கையிலிருந்த தாள்களை மேசையில் வைத்துவிட்டுக் குசினிக்குள் போய்விட்டார். எதற்குச் சிரிக்கிறார்கள் என்று எனக்கு விளங்கவில்லை. போர்க்காலத்தில் குண்டு விழுந்து பழைய சபைக் கட்டடம் அழிந்ததையும், அதற்கு முன்பே சர்வாதிகாரிகள் சபையை ஒழித்ததையும், பிறகு மக்கள் அதை மறுபடி கட்டியெழுப்பியதையும் அவசர அவசரமாகச் சொல்லி முடித்தேன். பக்கத்தில் இருந்தவர் காதுக்குள் விசயத்தைச் சொன்ன பிறகுதான் எனக்கு எல்லாம் விளங்கியது.

நேரே குசினிக்குப் போனேன். அவர் கோப்பைகளை வரிசையாக வைத்துக்கொண்டிருந்தார்.

"நீங்கள் எழுதினது எனக்குத் தெரியாது. மெல்பேர்னிலை நிண்டனான். உங்களை நினைச்சு ஒண்டும் சொல்லேல்லை" என்றேன்.

"தெரியுங்க" என்றார். இன்னொரு கோப்பையை எடுத்து வரிசையில் வைத்தார். "கஷ்டமாத்தான் இருந்துச்சு. ராப்பகலா உக்காந்து எழுதினேன். யாரையும் தொந்தரவு பண்ண வேணாம்னுதான் கேக்கல." பிறகு என்னைப் பார்த்தார். "ஆமா, கடைசியில அந்த ராஜா என்ன ஆனார்?"

"நாலு வருசம் இழுபட்டுது. நடுவிலை ராஜா செத்துப்போனார். மகன் வந்துதான் சபையோடை இருந்து எழுதி முடிச்சவர்."

"நாலு வருஷமா?" என்றார். "நம்ம வயசுக்கு அது தாங்காதுங்க." சொல்லிவிட்டு அவரே சிரித்தார். கோப்பைத் தட்டைத் தூக்கிக்கொண்டு வெளியே போய், எல்லோர் முன்னிலையிலும், ஓட்டெடுப்பைத் தள்ளிவைத்திருப்பதாகவும் அடுத்த கிழமை தொடக்கம் யாப்பைப் பந்தி பந்தியாக எடுத்துப் பேசி எழுதலாம் என்றும் அறிவித்தார்.

கோடைகாலம் முழுக்கப் பேசினோம். பேரப்பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூட விடுமுறை என்றால் அவர்களும் ஓடித் திரிவார்கள், அந்த இரைச்சலுக்குள்தான் விவாதம். ஒரு கிழமை முழுவதும் 'உறுப்பினர்' என்றால் யார் என்பதிலேயே போனது. சமையல் குழுவில் ஆண்களும் இருந்தே ஆக வேண்டும் என்று அன்ரி ஒரு திருத்தம் கொண்டுவந்தார். என் கணவர் கடைசி வரிசையிலிருந்து எழுந்து எதிர்த்துப் பேசினார். அந்த மனிதர் சபையில் பேசி நான் கண்டது அதுதான் முதல் தடவை. நன்றாகத்தான் பேசினார், ஆனால் தோற்றுப்போனார்.

செயலாளர் ஒவ்வொரு கிழமையும் திருத்தங்களை வீட்டுக்குக் கொண்டுபோய்த் துப்புரவாக எழுதிக்கொண்டு வருவார். வர வர அவருக்கே அதில் ஒரு ருசி பிடித்துவிட்டது. தான் எழுதிய பந்தியையே எதிர்த்து ஒருநாள் வாதாடினார்.

யாப்பு நிறைவேறிய அன்று கைதட்டல் அடங்க நேரமாயிற்று. உடனே புதிய விதிப்படி செயலாளர் தேர்தல் வந்தது. இரகசிய வாக்கெடுப்புக்குப் பெட்டியெல்லாம் செய்து வைத்திருந்தோம். போட்டியிட ஒருவரும் முன்வரவில்லை. அவரே மறுபடி தெரிவானார். பெட்டி வீணாகக் கூடாது என்று அன்ரி வடைகளை அதற்குள் அடுக்கிக்கொண்டு வந்தார். வடை சுட்டவர் என் கணவர். உப்பு கொஞ்சம் கூடத்தான், ஆனாலும் பெட்டியில் ஒன்றும் மிஞ்சவில்லை.